மக்கில் இருக்கும் பூவுக்கு செக்‌ஷன் வியூ எங்கே?

எந்த கிஃப்ட் கடைக்குள்ள போனாலும் ஒரு ஷெல்ஃப் இப்படி இருக்கும். காபி மக், நோட்புக், துணிப்பை, ஃபோன் கவர் எல்லாத்துலயும் ஒரே ஸ்டைல் படம்: பழுப்பேறிய தாள், நடுவில் பெரிய பூ, கீழே சாய்வெழுத்தில் ஏதோ லத்தீன் பெயர். பழைய தாவரவியல் ஓவியங்கள். ஃபேர்வெல் சீசன் வேற வருது, உங்கள்ல பாதிப் பேர் கையில் இதுல ஒண்ணாவது வரப்போகுது.

அழகா இருக்குன்னுதான் வாங்குறோம், சரி. ஆனா இந்தப் படங்களை வரைஞ்சவங்க ஒரு டெக்னிக்கல் டிராயிங்காத்தான் வரைஞ்சாங்க. முதல் செமஸ்டர்ல இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஷீட் போட்ட நமக்கு அதைப் படிக்கத் தெரியணும்.

1787-க்குப் போவோம். லண்டனில் வில்லியம் கர்ட்டிஸ் என்று ஒருவர். மருந்து தயாரிக்கும் தொழில் கற்றவர், தாவரப் பைத்தியம். முதலில் லண்டனைச் சுற்றித் தானாக முளைக்கும் செடிகளை வரையவைத்து ‘ஃப்ளோரா லண்டினென்சிஸ்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். வேலைப்பாடு பிரமாதம், விற்பனை மோசம். வேலியோரத்துச் செடியைப் பார்க்க யார் காசு கொடுப்பா? அதனால் அடுத்து ஆரம்பித்த ‘பொட்டானிக்கல் மேகஸின்’ மாத இதழில், பணக்காரர்கள் தோட்டங்களில் வளர்த்த அயல்நாட்டுப் பூக்களைப் போட்டார். இதழுக்கு மூன்று படம், விலை ஒரு ஷில்லிங். முதல் படமே பாரசீக ஐரிஸ். அது ஓடியது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அயல்நாட்டுப் பூ என்றால்தான் விற்கும் என்ற மார்க்கெட் ரகசியம் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தயாரிப்பு முறையைக் கேட்டால் தலை சுத்தும். செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பார்கள். அதில் கிடைப்பது கறுப்புக் கோடு மட்டும். நிறம் முழுக்க கையால் தீட்டியது, ஒவ்வொரு பிரதியிலும்! ஆரம்ப காலத்தில் ஏறத்தாழ 3,000 பிரதிகள், வண்ணம் தீட்ட 30 பேர் வரை. கணக்குப் போடுங்க: மாதம் 9,000 படம், ஒருத்தருக்கு 300. கையால் தீட்டும் இந்த வழக்கம் 1948 வரை நீடித்தது. அதனால் ஒரே பூவின் இரண்டு பிரதிகளில் சிவப்பு அப்படியே ஒத்துப்போகாது. உங்க மக்கில் இருப்பது எந்தப் பிரதியை ஸ்கேன் செய்தார்களோ அந்தப் பிரதியின் சிவப்பு. அந்தப் பழுப்பு நிறமும் ஓவியர் கொடுத்ததில்லை, தாளுக்கு வயசானதுதான்.

இப்போ படத்தைப் படிப்போம். பின்னணி ஏன் காலியாக இருக்கு? செடியின் விளிம்பு, இலை நரம்பு, முள் எல்லாம் தெளிவாகத் தெரியணும், அதனால். (அதே காலி இடம்தான் இருநூறு வருஷம் கழித்து வெள்ளை பீங்கானில் அச்சடிக்க வசதியாகிவிட்டது.) ஒரே கிளையில் மொட்டு, மலர்ந்த பூ, காய் மூன்றையும் காட்டுவது வழக்கம். பல செடிகளில் இவை ஒரே நாளில் சேர்ந்து கிடைக்காது. ஓவியர் பல வாரம் பார்த்ததை ஒரே தாளில் சேர்ப்பார். கேமரா ஒரே கிளிக்கில் இதைச் செய்ய முடியாது.

பல படங்களின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன உருவங்கள் இருக்கும்: தனியாக எடுத்து வைத்த மகரந்தத் தாள், குறுக்கே வெட்டிய சூலகம், பெரிதாக்கிய விதை. நம்ம பாஷையில் எக்ஸ்ப்ளோடட் வியூ, செக்‌ஷன் வியூ, டீட்டெயில் வியூ. இரண்டு செடிகள் ஒரே இனமா வேறா என்ற சண்டை பெரும்பாலும் தீர்வது இந்த மூலையில்தான், பெரிய பூவில் இல்லை.

அதற்கும் கீழே ஒரு பொடி எழுத்து வரி. இடது ஓரத்தில் ஒரு பெயரும் ‘டெல்.’ என்ற சுருக்கமும்: வரைந்தவர். வலது ஓரத்தில் இன்னொரு பெயரும் ‘ஸ்கல்ப்.’ என்பதும்: தகட்டில் செதுக்கியவர். நம்ம டைட்டில் பிளாக்கில் ‘டிரான் பை’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதேதான். கர்ட்டிஸ் இதழுக்கு 2,700-க்கும் மேல் வரைந்த வால்டர் ஹூட் ஃபிட்ச் போன்றவர்களின் பெயரை இந்த வரியில்தான் பார்க்கலாம். நிறம் தீட்டியவர்களுக்கு அந்த வரியில்கூட இடமில்லை.

மக்கில் முதலில் காணாமல் போவது இந்த இரண்டும்தான். காரணம் சதி இல்லை, ஜியாமெட்ரி. சாதாரண மக்கைச் சுற்றி அச்சடிக்கக் கிடைக்கும் பரப்பு சுமார் 20 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். படமோ நெட்டு வாக்கில் நிற்கும். பூவைப் பெரிதாக்கினால் அடிப்பகுதி வெட்டுப்படும். செக்‌ஷன் வியூவும் போச்சு, வரைந்தவர் பெயரும் போச்சு.

போனால் என்ன என்று கேட்கலாம். மெட்ராஸ் கதையைப் பாருங்க. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளை வரைய ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களை வேலைக்கு வைத்திருந்தார். அவருடைய ‘ஐகோன்ஸ்’ 1838 முதல் 1853 வரை மெட்ராஸிலேயே அச்சானது. ஆறு தொகுதி, 2,000-க்கும் மேற்பட்ட படங்கள், கல் அச்சு முறை. கோவிந்துவின் நினைவாக ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார். பிறகு அந்தப் பேரினத்தை ‘ட்ரோபிடியா’வுக்குள் சேர்த்துவிட்டார்கள், பெயர் வழக்கொழிந்தது. ஆக, கோவிந்துவுக்கு மிச்சம் இருப்பது படங்களின் அடியில் உள்ள அந்தப் பொடி எழுத்து. அதையும் க்ராப் பண்ணினால்?

‘அயல்நாட்டுப் பூ’ என்பதும் யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. பாரிஸில் 1802 முதல் வெளியான ரெதூத்தேயின் ‘லே லிலியாசே’ தொகுப்பில் ஒரு கவர்ச்சியான அயல்நாட்டு மலர் இருக்கு. நெளிநெளியாக மேல்நோக்கி மடிந்த இதழ்கள், பற்றிக்கொள்ளச் சுருண்ட இலை நுனி. அடடே, நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டு மாநில மலர், நம்ம ஊர் வேலியில் ஏறும் கொடி. இலை நுனியை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் அச்சடித்தால் அது கொடி என்பதே தெரியாது. (கிழங்கு கடும் விஷம். மக் மேலே இருக்கலாம், மக்குக்குள்ளே கூடாது.)

இந்தப் பழைய படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. எல்லாப் பொருளிலும் இவை இருப்பதற்கு அழகைவிட அதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நமக்கும் அதே வசதி உண்டு. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் கர்ட்டிஸ் இதழும் வைட்டின் தொகுதிகளும் முழுப் பக்க ஸ்கேனாக இலவசமாகவே கிடைக்குது. டிபார்ட்மென்ட் ஃபேர்வெலுக்கு ரெடிமேட் மக் வாங்காமல் நாமே டிசைன் கொடுக்கலாம். 9 செ.மீ. உயரத்துக்கு 300 டிபிஐ என்றால் சுமார் 1,063 பிக்ஸல், அவ்வளவு போதும். படத்தை வெட்டாமல் முழுசாகச் சின்னதாக்குங்க. அகலம் 20 செ.மீ. இருப்பதால் இரண்டு மூன்று படம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சின்னதாக்கும்போது அடி வரி படிக்க முடியாமல் போகும், அதனால் ஓவியர் பெயரைத் தனியாக டைப் பண்ணிக் கீழே வைங்க. கடைக்காரர் “இது தேவையாப்பா?” என்பார். தேவைதான்னு சொல்லுங்க.

ஒரு டிப்: தேடும்போது இன்றைய லத்தீன் பெயரை மட்டும் போட்டால் பழைய படங்கள் பல சிக்காது. அப்போது இருந்த பெயர் வேறு. செங்காந்தளுக்கு ‘குளோரியோசா’ போட்டுப் பார்த்துவிட்டு, ‘மெத்தோனிகா’ என்றும் ஒருமுறை தேடுங்க.