படப் பக்கத்தைப் பகிரும்போது

2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமி, நமது கரையோர ஊர்களில் வீடுகளோடு புகைப்பட அல்பங்களையும் அள்ளிச் சென்றது. ஒரே பிரதியாக இருந்த படம் போனால் போனதுதான். ஆகவே, கணினியில் நாம் செய்யும் ஸ்கிராப்புக் பக்கத்தைப் பலரிடம் கொடுத்துவைப்பது அதனைப் பாதுகாக்கும் வழியுமாகும்.

நான் செய்யும் முறை இது. மாவடிப்பள்ளி வயலில் கொக்குகள் நிற்கும் படத்தை மங்கலாக்கிப் பின்னணியாக விரிப்பேன். அதன்மேல் உம்மம்மாவின் படம். கீழே பெயர், இடம், திகதி. இக்குறிப்புகள் இல்லாவிட்டால் நாளை பார்ப்பவருக்குப் படத்தில் இருப்பவர் யாரெனத் தெரியாது.

அச்சிடுவதானால் அளவைக் கவனியுங்கள். 12 அங்குலச் சதுரப் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், 3600 x 3600 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும். ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பினால் குறையாது.

ஆனால் கைத்தொலைபேசியில் எடுத்த மூலப் படத்தினுள் அது எடுக்கப்பட்ட இடமும் பதிவாகியிருக்கலாம். டொக்கியூமென்டாக அனுப்பும்போது அதுவும் கூடவே போய்விடும். எனவே கமராவில் இடம் பதியும் வசதியை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

படத்தில் இருப்பவரின் சம்மதமும் அவசியம். நான் இரண்டு பிரதிகள் செய்வேன். முகமும் பெயரும் உள்ளது குடும்பத்தாருக்கு. வயலும் கொக்கும் மட்டும் உள்ளது தோழியருக்கு.

பெற்றோரே, குடும்பப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் இட்டு வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். இங்கு வெள்ளம் வந்தாலும் அது அங்கே இருக்கும்.