மலை உப்பின் கடல் பூர்வீகம்

நம்பிக்கை: இந்துப்பு மலையில் விளைவது. கடலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உண்மை: மீனவ ஊரான நல்லவாட்டில் கருவாடு போட வாங்கும் கல்லுப்புக்கும், கடையில் பல மடங்கு விலை சொல்லும் இந்துப்புக்கும் தாய் கடல்தான். இந்துப்புக்குப் பேர்போன கேவ்ரா சுரங்கம் பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கிறது. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலொன்று வற்றிப் படிந்த உப்பு அது. பிரம்மாண்டமான மரக்காணம் உப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பாத்தி வெட்டத்தான் ஆளில்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உப்புப் படிவங்களில் முதலில் பார்ப்பது புரோமைடை. ஒரு லிட்டர் கடல்நீரில் அது ஏறக்குறைய 65 மில்லிகிராம். உப்பளத்தில் நீர் சுண்டும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான் உப்பு விளையும். புரோமைடு தனியாகப் படியாது. குளோரைடின் இடத்தில் கொஞ்சம் நுழைந்துகொள்ளும், மற்றதெல்லாம் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே முதலில் விளைந்த உப்பில் கிலோவுக்கு 70 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். நீர் சுண்டச் சுண்ட அது ஏறி, பொட்டாசிய உப்புகள் படியும் கட்டத்தில் 200ஐத் தாண்டும். மிஞ்சும் கசப்பு நீரில்தான் புரோமின் அதிகம். 1826இல் வேதியியலாளர் பலார் அதைக் கண்டுபிடித்ததும் பிரான்சின் மோன்பெல்லியே பக்கத்து உப்பளக் கசப்பு நீரில்தான்.

பாறை உப்பை அடியிலிருந்து மேலாக வெட்டிச் சோதிக்கும்போது புரோமைடு எண் ஏறிக்கொண்டே போனால், கடல் அடைபட்டு வற்றியிருக்கிறது. சட்டென்று இறங்கினால், இடையில் புதுநீர் புகுந்திருக்கிறது.

நம்பிக்கை: பூமிக்குள் பத்திரமாக இருந்ததால் அன்று படிந்தபடியே இருக்கிறது.

உண்மை: எல்லா இடத்திலும் அப்படியில்லை. நல்ல நீரில் கரைந்து மறுபடி படிந்த உப்பில் புரோமைடு 20க்கும் கீழே போய்விடும். ஆனால் கடலையே காணாத ஏரி உப்பிலும் எண் குறைவாக இருக்கலாம். அதனால் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. கூடவே கிடக்கும் ஜிப்சத்தின் கந்தக ஐசோடோப்பையும் பார்ப்பார்கள். கேவ்ரா பகுதியில் அது இன்றைய கடலைவிடக் கனமானது. அதே காலத்து ஓமன், ஈரான் படிவங்களோடு ஒத்துப்போகிறது.

நம்பிக்கை: இளஞ்சிவப்பு நிறமே 84 தாதுக்களின் அடையாளம்.

உண்மை: நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது. மிகப் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். மற்றவை உடம்புக்குக் கணக்கில் சேராத அளவு. அயோடினும் சேர்த்தால்தான் உண்டு.