முழங்கால் தேய்மானமா? மூலையில் உட்காராதீர்கள்!

1. தேய்மானம் என்று டாக்டர் சொன்னதுமே பலர் காலை அசைக்கப் பயப்படுகிறார்கள். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. கால் மடங்கி நீளும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அசைக்காமல் வைத்தால் பட்டினிதான்.

2. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல முழங்காலைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைக்காது. இது பழகியதும், சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். தொடைச் சதை பலப்பட்டால் மூட்டின் சிரமம் குறையும். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

3. பயிற்சிக்குப் பிறகு லேசாக வலிப்பது சகஜம். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலித்தால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்தாதீர்கள்.

4. மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். சினிமாத் தாத்தாக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்!

5. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறையும்.

6. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் வலியோடு வயிற்றின் பாதுகாப்பையும் குறைக்கின்றன. ‘சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன்’ என்பார்கள். ரத்தத்தில் கலந்தும் அவை வயிற்றைப் பாதிக்கும் என்பதால் அப்போதும் புண் வரலாம். சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மலம் தார்போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரி. முழங்காலுக்கு மட்டும் என்றால் மேலே தடவும் ஜெல் பற்றிக் கேளுங்கள். அதில் ரத்தத்தில் கலக்கும் மருந்து மிகக் குறைவு.

7. உட்கார்ந்து எழப் பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைக்கும் பாட்டிகள் உண்டு. மலச்சிக்கல் வந்து முக்கினால் இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ளும். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுங்கள். கீரை, கொய்யா, தோல் நீக்காத பயறு தினமும் ஏதாவது ஒன்று. தயிரும் பழைய சோறும் சாப்பிடலாம், தாராளமாக. அவை தேய்ந்த மூட்டை வளர்க்கும் என்கிற வாட்ஸ்அப் வைத்தியத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

8. மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவருக்குப் பாசத்தோடு முழங்காலடியில் தலையணை வைக்காதீர்கள். மடங்கிய வாக்கிலேயே இறுகி, பிறகு கால் முழுசாக நீளாது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைக்கலாம்.

9. காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ பயிற்சியும் வேண்டாம், தைலமும் தேய்க்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.