டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் தெரிகிறதா?

காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூரில் ஃபைபர் இணைப்பு இல்லாத வீட்டில், உபுண்டுவோ பாஸ் லினக்ஸோ ஓடும் கணினியில் யூஎஸ்பி டாங்கிளைச் செருகுகிறீர்கள். சிடி டிரைவ் போல ஒன்று தலைகாட்டலாம். டாங்கிள் கெடவில்லை. விண்டோஸுக்கான மென்பொருளைச் சுமந்து வருவதால் முதலில் அந்த வேஷம். அதைக் கலைத்து மோடமாக மாற்றுவது ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற சிறு நிரல். கணினியில் அது இல்லையென்றால், கைபேசியை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நெட்வொர்க் அமைப்பில் ‘மொபைல் பிராட்பேண்ட்’. நாடு, நிறுவனம் தேர்ந்து, ஏபிஎன் கேட்டால் பிஎஸ்என்எல்லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’, ஜியோவுக்கு ‘ஜியோநெட்’. ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல். காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில்தான் இருக்கிறது. எல்லை தாண்டி வாங்கிய சிம் என்று யோசிக்க வேண்டாம். சிம்முக்கு ‘பின்’ எண் பூட்டு இருந்தால் முதலில் கைபேசியில் போட்டு நீக்கிவிடுங்கள். மூன்று தடவை தப்பாக அடித்தால் பியூகே எண் கேட்டு உயிரை வாங்கும்.

சில 4ஜி டாங்கிள்களுக்கு இந்த வேலையே இல்லை. வயர் இணைப்பாகத் தெரியும். ஹுவாவே ஹைலிங்க் வகை என்றால் பிரவுசரில் 192.168.8.1 அடித்தால் அமைப்புப் பக்கம் வரும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய 3ஜி டாங்கிளை வாங்காதீர்கள். ஏர்டெல் 2020-லேயே 3ஜியை மூடிவிட்டது. ஜியோவில் 3ஜி இருந்ததே இல்லை.

சிக்னல் மந்தமா? எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை ஜன்னலோரம் வையுங்கள்.