சோயா மொச்சையின் வேர்முண்டும் மணிச்சத்தும்

சோயா மொச்சை பயிரிட்ட அங்கத்தினர் ஒருவரின் வயலில், சென்ற பருவத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டியெடுத்துப் பார்த்தோம். இலைகள் வெளிறியிருந்தன, வேரில் முண்டு ஒன்றேனும் இல்லை. நுண்ணுயிர்ப் பொட்டலம் கலந்தே விதைத்ததாக அவர் கூறினார். அது பொய்யன்று. சங்கத்தின் கிடங்கிற்குச் சென்றபோது காரணம் விளங்கிற்று. தகரக் கூரையின் கீழ், வெயில் படும் சன்னலோரத்தில் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. காலாவதித் தேதியும் கடந்திருந்தது. கடன் பெற்றுப் பயிரிட்டவருக்கு நாம் விற்றது உயிரற்ற தூளே.

பயறுவகைச் செடிகளின் வேர்முண்டிலுள்ள பாக்டீரியாவை 1888-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் தனியே பிரித்து வளர்த்தார். காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஏற்ற உருவில் மாற்றித் தருவது அதுவே. ஆனால் எல்லாப் பயிருக்கும் ஒரே இனம் உதவாது. சோயாவுக்குரியது பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம். நிலக்கடலைக்கு வந்த பொட்டலத்தை இதற்குக் கொடுத்தல் தகாது. சோயா கிழக்காசியப் பயிராதலின், அதனை முன்னர் விதைத்தறியாத நிலங்களில் இவ்வினம் பெரும்பாலும் இராது.

மணிச்சத்து எதற்கு? தழைச்சத்தின் ஒரு மூலக்கூறை மாற்ற, ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளின் மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அப்பொருளில் மணிச்சத்து ஓர் உறுப்பு. அது குறைந்த நிலத்தில் முண்டுகள் சிறுத்துவிடும். மண் பரிசோதனை செய்யாதவிடத்து, ஹெக்டேருக்கு 80 கிலோ மணிச்சத்தை அடியுரமாக இடலாம். 16 சதவீதச் சூப்பர் பாஸ்பேட்டாயின் இது 500 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 200 கிலோ. தழைச்சத்து 20 கிலோவே போதும். பசுமையை விரும்பி யூரியாவை அள்ளி வீசினால் முண்டுகள் வேலை செய்யா.

ஆறிய அரிசிக் கஞ்சியில் பொட்டலத் தூளைக் குழைத்து, விதைமீது பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்தல் நலம். பூசிய விதையைச் சூப்பர் பாஸ்பேட்டுடன் கலத்தலாகாது. அதன் அமிலம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதற்கு ஒருநாள் கழித்தே இதனைப் பூசுக.

விதைத்த 35 அல்லது 40 நாளில் செடியைத் தோண்டியெடுத்து வேரைக் கழுவிப் பார்க்க. பிடுங்கினால் முண்டுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாயிருத்தல் வேண்டும். பச்சையோ சாம்பல் நிறமோ ஆயின் அது வேலை செய்யவில்லை. முண்டே இல்லையெனில், பூக்குமுன் மேலுரமாக யூரியா இட்டுப் பயிரைக் காப்பதன்றி வேறு வழியில்லை. நாம் கண்ட அங்கத்தினரும் அவ்வாறே செய்தார். பயிர் தேறிற்று, யூரியாவின் விலையோ அவர் கணக்கிலேயே ஏறிற்று.