ரோபோவில் யாருடைய கை? பள்ளிக் குழுவில் மாணவர் ஈடுபாட்டை அளக்கும் முறை

நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பாதி கருவிகள் வாங்க, பாதி ஐந்தாண்டுச் செலவுக்கு. எத்தனை சென்சார், எத்தனை மோட்டார் என்று கேட்டால் ஸ்டாக் ரிஜிஸ்டர் பதில் சொல்லிவிடும். அங்கே வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் ‘இது எங்கள் ரோபோ’ என்று நினைக்கிறார்கள் என்று கேட்டால் ரிஜிஸ்டரிடம் பதில் இல்லை.

ரோபாட்டிக்ஸ் குழுவுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரோபோ ஒன்று, லேப்டாப் ஒன்று, பிள்ளைகள் பலர். பர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்ச் போட்டியில் ஒரு குழுவில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ஆனால் ரோபோ ஆட்டம் இரண்டரை நிமிடம்தான், மேசையருகே ஒரு நேரத்தில் சிலரே நிற்க முடியும். வேர்ல்ட் ரோபாட் ஒலிம்பியாடில் குழு என்றாலே இரண்டு அல்லது மூன்று பேர். கை வேகமுள்ள இரண்டு பேர் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சார்ட் ஒட்டவும் கைதட்டவும் ஒதுங்கிவிடுவது எளிது. வெளியிலிருந்து பார்த்தால் குழு நன்றாகத்தான் ஓடும்.

அந்த ஒதுக்கத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். காகிதம், பென்சில், ஒரு கல்வியாண்டு போதும். தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுக ஊர்ப் பள்ளியை மனதில் வைத்து எழுதப்பட்ட வழி இது.

1. எதை அளக்கிறோம் என்று முடிவு செய்தல்

ஜெனிபர் பிரெட்ரிக்ஸும் அவருடைய சகாக்களும் 2004-இல் எழுதிய ஆய்வுரை மாணவர் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தது: செய்வது, உணர்வது, சிந்திப்பது. நேரத்துக்கு வந்து வேலை செய்வது முதலாவது. பிடித்திருக்கிறது, இங்கே எனக்கு இடமிருக்கிறது என்பது இரண்டாவது. ரோபோ ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று மண்டையைக் குடைந்துகொள்வது மூன்றாவது. குழுவுக்கு நான்காவதாக ஒன்றையும் சேர்க்கவேண்டும்: முடிவெடுப்பதில் பங்கு.

இந்த நான்காவதற்கு ராஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெப்புக்காக எழுதிய ‘பங்கேற்பு ஏணி’ உதவும். எட்டுப் படிகள் கொண்ட அந்த ஏணியில் கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது அதில் ஒன்று. ஆண்டு விழா போட்டோவில் ரோபோவைக் கையில் ஏந்தி நிற்கும் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்பதை ஆசிரியர் முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

2. நாளைத் தேர்ந்தெடுத்தல்

தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. பள்ளி திறக்கும் காலமும் அதுவே. ஆகஸ்டில் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் பல வீடுகளின் நேரங்கள் மாறும். ஆகவே முதல் அளவீடு ஜூலையில், இரண்டாவது காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, மூன்றாவது போட்டிக்குப் பின் இரண்டு வாரம் கழித்து. கோப்பை வாங்கிய வாரத்தில் கேட்டால் எல்லோரும் ‘சூப்பர்’ என்பார்கள். தோற்ற வாரத்தில் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வருகைப் பதிவை மட்டும் நம்பக்கூடாது. மாலையில் வீட்டு வேலைக்காக ஓடுகிற பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று பொருளாகாது.

3. கண்ணால் எண்ணுதல்

நாற்பது நிமிட வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் தலைநிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறி போடவேண்டும். கருவியிலோ கோட் எழுதுவதிலோ கை இருந்தால் ‘கை’. வேலையைப் பற்றிப் பேசினால் ‘பேச்சு’. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் ‘பார்வை’. வேறெங்கோ இருந்தால் ‘வெளி’. ஒரு வகுப்புக்கு ஒரு பிள்ளைக்கு எட்டுக் குறிகள் கிடைக்கும். நான்கு வகுப்புகள் சேர்ந்தால் ஒரு வடிவம் தெரியும். பெண்பிள்ளைகள் நோட்டிலும் போஸ்டரிலும், பையன்கள் லேப்டாப்பிலும் என்று வேலை பிரிந்து கிடந்தால் இந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

4. நடுவில் நிறுத்திக் கேட்டல்

1970-களில் சிகாகோவில் மிஹாய் சிக்ஸென்ட்மிஹாயியும் சகாக்களும் பதின்வயதினருக்குப் பேஜர் கொடுத்தார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று அவர்கள் எழுதவேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவு கலந்துவிடும் என்பதால் இந்த வழி.

பள்ளியில் போன் அலாரம் போதும். வகுப்பு நடுவே ஒருமுறை அடிக்கும். பிள்ளைகள் துண்டுச்சீட்டில் இரண்டே வரி எழுதுவார்கள். இப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்? அதை நீயே தேர்ந்தெடுத்தாயா, யாராவது சொன்னார்களா?

5. ஏழு கேள்வித் தாள்

ஒவ்வொரு அளவீட்டின்போதும் இந்தத் தாளைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ முதல் ‘முழுக்க உண்மை’ வரை 1, 2, 3, 4 என்று மதிப்பெண். ஐந்து கட்டம் வைத்தால் பாதிப்பேர் நடுக்கட்டத்தில் ஒளிந்துகொள்வார்கள்.

அ) நான் சொல்லும் யோசனையைக் குழுவில் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.
ஆ) போன வாரம் ரோபோவில் ஏதாவது ஒன்றை என் கையால் மாட்டினேன், கழற்றினேன் அல்லது கோட் எழுதினேன்.
இ) ரோபோ நின்றுவிட்டால் கோளாறு எங்கே என்று தேட எனக்குத் தெரியும்.
ஈ) இங்கே இருக்கும்போது நேரம் போவதே தெரிவதில்லை.
உ) நான் ஒருநாள் வராவிட்டால் மற்றவர்கள் தேடுவார்கள்.
ஊ) என்ன செய்வது என்று முடிவெடுத்தபோது நானும் இருந்தேன்.
எ) அடுத்த ஆண்டு இந்தக் குழுவில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசிக் கேள்வி தலைகீழ். அதற்கு வரும் எண்ணை 5-இலிருந்து கழித்துக்கொள்ளவேண்டும். படிக்காமல் எல்லாவற்றுக்கும் 4 போட்டவரையும் இது பிடித்துக்கொடுக்கும். வாக்கியங்களை முதலில் குழுவில் இல்லாத இரண்டு பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்து, புரியாததை ஊர்ப் பேச்சுக்கு மாற்றலாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தே வேண்டாம் என்றால் ஆர்தர் ஆரனும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட வட்டங்கள் இருக்கின்றன. இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு மட்டும் நிற்பதில் தொடங்கி, கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவது வரை ஏழு படங்கள். இருவருக்கிடையிலான நெருக்கத்தை அளக்க வந்தவை அவை. ஒரு வட்டம் ‘நான்’, மற்றது ‘குழு’ என்று வைத்து, பிள்ளையை ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

6. பெயரைக் காத்தல்

தாளில் பெயர் வேண்டாம். ஆறு பேர் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தால் ‘ஆண் / பெண்’ என்ற கட்டமும் வேண்டாம். அதுவே பெயர் சொல்லிவிடும். தாள்களைக் குழுவை நடத்துபவர் வாங்காமல் வேறொரு டீச்சர் ஒரு பெட்டியில் வாங்கட்டும். ஆன்லைன் படிவம் என்றால் இன்னும் கவனம் தேவை: 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தை, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது பொது விதி.

7. எண்களை வாசித்தல்

எட்டுப் பேர் ‘ஊ’ கேள்விக்கு 4, 4, 4, 3, 2, 1, 1, 1 என்று போட்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி 2.5. இன்னொரு குழுவில் நான்கு பேர் 3, நான்கு பேர் 2. அங்கும் சராசரி அதே 2.5. இரண்டாவது குழு கொஞ்சம் சுரத்தில்லாமல் இருக்கிறது. முதல் குழுவோ ஒரு பெயருக்குள் இரண்டு குழு. சின்னக் குழுவில் சராசரி போடுவதைவிட, ஒவ்வொரு பதிலையும் ஒரு புள்ளியாகக் கோட்டில் வைத்துப் பார்ப்பதே மேல்.

பிறகு எண்ணிக்கைத் தாள், துண்டுச்சீட்டு, கேள்வித் தாள் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். குழு முழுவதும் ‘ஆ’ கேள்விக்கு 4 போட்டிருக்க, எண்ணிக்கைத் தாளில் பாதிப்பேருக்கு ‘பார்வை’யே நிறைந்திருந்தால் பிள்ளைகள் சாருக்குப் பிடித்த பதிலை எழுதியிருக்கிறார்கள். அப்போது நேரில் பேசுவதே வழி. “குழு பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் “பிடிச்சிருக்கு சார்” என்றுதான் வரும். “மக்களே, கடைசியா நீ ரோபோவத் தொட்டது எப்போ?” என்று கேட்டால் உண்மை வரும்.

8. ஒன்றை மாற்றி, மறுபடி அளத்தல்

முடிவைக் குழுவிடமே காட்டி, எதை மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்கவேண்டும். கோட் எழுதுபவர், மாட்டுபவர், சோதிப்பவர், பதிவு செய்பவர் என்று வேலைகளை வாரம் ஒருமுறை சுழற்றுவது ஒரு வழி. நன்றாகத் தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்ல, தெரியாதவர் கையால் செய்வது இன்னொரு வழி. இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது. ஒரு மாற்றத்துக்கு ஆறு வாரம் கொடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் அதே ஏழு கேள்விகளைத் திரும்பக் கேட்கவேண்டும். தாள்கள், தேதி, செய்த மாற்றம் மூன்றும் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கும் அதே அலமாரியில் இருந்தால், அடுத்த ஆண்டு குழுவை ஏற்கும் ஆசிரியர் அங்கிருந்து தொடரலாம்.