தொலைபேசி இணைப்பில் மின்னஞ்சல்: காத்திருப்பு வரிசையும் கைமாற்று முறையும்

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலுக்கு அருகே, பங்காரப்பேட்டை வட்டத்தில் உள்ள பூதிகோட்டை, ஐதர் அலி பிறந்த ஊர் என்ற வகையில் வரலாற்று மாணவர்களுக்கு அறிமுகமானதே. தகவல் தொடர்புத் துறையினர் அவ்வூரை வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்துள்ளனர். மைராடா, வாய்சஸ் ஆகிய தன்னார்வ நிறுவனங்களும் யுனெஸ்கோவும் இணைந்து 2001-ஆம் ஆண்டில் அங்கு ‘நம்ம த்வனி’ என்னும் சமூக ஒலி நிலையத்தைத் தொடங்கின. தன்னார்வ அமைப்புகள் வானொலி நிலையம் நடத்த 2006-ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே பூதிகோட்டை நிலையம் தன் நிகழ்ச்சிகளைக் கம்பி வழியாகவே வீடுகளுக்கு அனுப்பிற்று. பின்னர் அதனோடு கணிப்பொறித் தகவல் மையமும் சேர்ந்தது.

இத்தகைய சிற்றூர் மையம் ஒன்று, தொலைபேசி வழி இணைய இணைப்பே கிடைத்த அக்காலத்தில், தன் சொந்த இணையப் பெயரிலேயே மின்னஞ்சல் பெற விரும்பியதாகக் கொள்வோம். இணைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம்; மின்சாரமும் நிலையானதன்று. நாளொன்றுக்கு அரைமணி நேரமே இணைப்பில் இருக்கும் கணிப்பொறிக்கு எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரத்தில் வரும் கடிதங்கள் என்னவாகும்? மாவட்ட அலுவலகமோ வங்கியோ அனுப்பிய கடிதம் திரும்பிச் சென்றுவிடின், இழப்பு மையத்தை நம்பியிருக்கும் மக்களுக்கே.

விடை புதியதன்று. 1986-இல் மின்னணுத்துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியபோது, பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அந்நகரின் ஐ.ஐ.டி.யும் தொலைபேசி வழியாகவே அஞ்சலைப் பரிமாறிக்கொண்டன. யு.யு.சி.பி. என்ற அம்முறையில் கடிதங்கள் ஒரு கணிப்பொறியில் சேர்ந்திருக்கும். குறித்த நேரத்தில் மோடம் மறுமுனையை அழைக்கும். இருபுறத்துக் கடிதங்களும் கைமாறும். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கிய மின்னஞ்சல் சேவையும் இவ்வாறே அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துடன் தொடர்பு கொண்டது. அஞ்சல் பையைக் கட்டி வைத்து, வண்டி வரும்போது ஏற்றி அனுப்பும் பழக்கமுள்ள நம் நாட்டினருக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

இணையம் பரவியபின் நிலைமை சற்று மாறிற்று. எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறை, பெறும் கணிப்பொறி எப்போதும் விழித்திருக்கும் என்ற எண்ணத்தில் அமைந்தது. 1986-இல் வரையறுக்கப்பட்ட எம்.எக்ஸ். பதிவு இக்குறையை ஈடுசெய்தது. ஓர் இணையப் பெயருக்குரிய கடிதங்களை எந்தெந்தக் கணிப்பொறிகள் ஏற்கும் என்பதை அப்பதிவு வரிசை எண்ணுடன் கூறுகிறது. சிறிய எண்ணுக்கே முதலிடம். வாடிக்கையாளரின் கணிப்பொறிக்கு 10, சேவை நிறுவனத்தின் கணிப்பொறிக்கு 20 என்று குறித்தால், முன்னது கிட்டாதபோது கடிதம் பின்னதிடம் சேரும். எனினும் உறங்கும் கணிப்பொறியை ஒவ்வொருவரும் முதலில் தட்டிப் பார்த்துக் காத்திருப்பது வீண். ஒவ்வோர் இணைப்பிலும் முகவரி எண் மாறும் வாடிக்கையாளருக்கு இது அபாயமும்கூட. அதே எண் அடுத்த நிமிடத்தில் வேறொருவருக்குப் போய்விடலாம். சேவை நிறுவனத்தின் பெயரை மட்டும் பதிவில் காட்டுவதே நல்லது.

அந்நிறுவனத்தின் கணிப்பொறியில் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, குறிப்பிட்ட இணையப் பெயருக்கு வரும் கடிதத்தைத் தனதாகக் கொள்ளாது, மேலனுப்புவதற்காக மட்டும் ஏற்குமாறு பணித்தல். இந்த அனுமதியை அப்பெயர் அளவில் நிறுத்த வேண்டும். யார் எங்கு அனுப்பினாலும் கைமாற்றித் தரும் ‘திறந்த’ கணிப்பொறிகள் விளம்பரக் குப்பைக்கு வாயிலாயின. இதனாலேயே செண்ட்மெயில் மென்பொருள் 1998-இல் வெளிவந்த 8.9 பதிப்பிலிருந்து அவ்வாயிலை இயல்பாகவே மூடி வைத்தது.

இரண்டாவது, காத்திருப்பு வரிசையின் கால அளவு. இங்கேதான் பல மையங்கள் இடறக்கூடும். செண்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் ஆகிய இரண்டிலும் இயல்பான வரம்பு ஐந்து நாட்கள். அதன்பின் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்து ஒரு வாரம் சீர்செய்யப்படாத ஊருக்கு இந்த வரம்பு போதாது. அத்தகைய வாடிக்கையாளருக்கு வரம்பை உயர்த்துவது பொறியாளருக்குச் சிறு வேலை. ஆனால் கேட்டாலன்றி எவரும் செய்வதில்லை. மையத்தில் உள்ள பயனர்களின் பட்டியலையும் இடைநிலைக் கணிப்பொறியிடம் தந்து வைத்தல் வேண்டும். இல்லையெனில் இல்லாத பெயர்களுக்கு வந்த கடிதங்களையும் அது ஏற்றுச் சேர்த்து வைக்கும். நிமிடக் கட்டணம் செலுத்தும் மையம் குப்பைக்கும் விலை கொடுக்க நேரும்.

இணைப்பு ஏற்பட்டவுடன் வரிசையை விடுவிக்க ஒரு சமிக்ஞை தேவை. 1982-ஆம் ஆண்டின் எஸ்.எம்.டி.பி. விதிகளில் இருந்த ‘டர்ன்’ கட்டளை, அதே இணைப்பில் அனுப்புவோரும் பெறுவோரும் இடம் மாறிக்கொள்ளச் செய்தது. கேட்பவர் யார் என்று அது பாராது. பொய்ப்பெயர் கூறியவரும் பிறர் கடிதத்தைப் பெற்றுச் செல்ல இயலும். 1996-இல் வந்த ஈ.டி.ஆர்.என். கட்டளை இதைத் திருத்திற்று. வரிசையைத் தொடங்குமாறு மட்டுமே அது கேட்கிறது. சேவை நிறுவனம், தனக்கு ஏற்கெனவே தெரிந்த முகவரிக்குப் புதிய இணைப்பு ஏற்படுத்திக் கடிதங்களை அனுப்புகிறது. பொய்யர் கேட்டாலும் கடிதம் அவரிடம் போகாது. ஆனால் இதற்கு நிலையான முகவரி எண் வேண்டும். மாறும் எண் உடையோருக்காக 1999-இல் ஏ.டி.ஆர்.என். வகுக்கப்பட்டது, இதில் கடவுச்சொல்லால் அடையாளம் காட்டிய பின்னரே இடமாற்றம் நிகழும். பாதுகாப்பு, கட்டணம் இரண்டையும் நோக்கின் சிற்றூர் மையத்திற்கு ஏற்றது இதுவே. எனினும் இதனை வழங்கும் மென்பொருட்கள் சிலவே இருந்தமையால், பலர் அஞ்சற்பெட்டியிலிருந்து கடிதங்களை இறக்கிக்கொள்ளும் ‘பாப்’ முறையுடன் அமைந்துவிட்டனர்.

தொலைபேசி இணைப்பின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் காத்திருப்பு வரிசை எல்லா அஞ்சல் கணிப்பொறிகளிலும் இன்றும் இயங்குகிறது. மறுமுனை ‘இப்போது இயலாது’ என்று 4-இல் தொடங்கும் எண்ணை விடையாகத் தந்தால் கடிதம் வரிசையில் தங்கும். 5-இல் தொடங்கும் எண்ணாயின் உடனே திரும்பும். பழுதுபார்ப்புக்காக அலுவலகக் கணிப்பொறியை நிறுத்தும் அலுவலர், அது முதல்வகை விடையைத் தருமாறோ அறவே விடையளிக்காதிருக்குமாறோ அமைத்துவிட்டுச் செல்வாராயின், அன்று வரும் விண்ணப்பங்கள் மறுநாள் வந்து சேரும்.